காய்ச்சல் வந்தா உடம்புக்குள்ள என்ன நடக்குது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் சேர்க்கப்பட்டுள்ளன.)



நான் மைக்கைப் பிடிச்சா வங்கிக் கடன், கிரேடிங், தணிக்கைன்னுதான் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியும். அதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இப்போ பேசப்போறது காய்ச்சலைப் பத்தி. போன மாதம் குழுக் கூட்டங்களுக்குப் போனப்போ தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உள்கடன் எதுக்குன்னு எழுதுற இடத்துல "மருத்துவச் செலவு - காய்ச்சல்" என்று திரும்பத் திரும்ப இருக்கு. ஆடு வாங்கக் கொடுத்த கடன் குட்டி போட்டுத் திரும்பி வரும். காய்ச்சலுக்கு வாங்குன கடன் அப்படி வருமா? அதனாலதான் இதுவும் நம்ம கூட்டமைப்பு பேச வேண்டிய விஷயம்னு நினைச்சேன்.

அந்தக் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரம்மா, 'இது வைரஸ் காய்ச்சல், இதைக் கொல்லுறதுக்குன்னு மருந்து கிடையாது, பாராசிட்டமால் போடுங்க, தண்ணி நிறையக் குடிங்க, ரெண்டு நாள்ல திரும்பி வந்து காட்டுங்க'ன்னு அனுப்பிட்டாங்க. மருந்தே இல்லன்னா அப்புறம் எப்படிம்மா சரியாகுது?"

ரொம்பச் சரியான கேள்வி. சரியாக்குறது உங்க உடம்புதான். ஆனா "உடம்பு சரியாக்கும்"னு சும்மா சொல்லிட்டுப் போனா யாரும் நம்ப மாட்டீங்க. ஊசி போடுறவரைத்தான் நம்புவீங்க. அதனால உள்ளே நடக்குறதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன். டெங்குவையே எடுத்துக்குவோம். நம்ம பக்கம் அதை மறக்க முடியாது. 2012-ல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதில் திருநெல்வேலி மாவட்டம்தான் அதிகம் அடிபட்டது. 2017-ல் மறுபடியும் மாநிலம் முழுக்க வந்து 23,000 பேரைத் தொட்டது.

எதிரி எவ்வளவு பெரியது?

நம்ம உடம்பு முழுக்க செல்களால் ஆனது. செல் என்றதும் கையில இருக்குற போனைப் பாக்காதீங்க! வீடு செங்கல்லால கட்டுன மாதிரி, தோல், ரத்தம், ஈரல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள செல்களால் கட்டப்பட்டிருக்கு. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு மாதிரி. அதுக்குள்ள அடுப்பு உண்டு, சாமான் உண்டு, வாசல் உண்டு, நடுவில் கணக்குப் புத்தகம் வைக்கிற அறையும் உண்டு.

வைரஸ் இதைவிட ரொம்பச் சின்னது. பிள்ளைங்க ஸ்கேல்ல ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இருக்கு இல்லையா? அதுக்குள்ள டெங்கு வைரஸை வரிசையா நிறுத்தினா சுமார் 20,000 நிற்கும். அதுக்குச் சொந்தமா அடுப்பு கிடையாது, அரிசி கிடையாது, சமைக்க ஆளும் கிடையாது. கையில் ஒரே ஒரு சமையல் குறிப்புச் சீட்டு. ஆர்.என்.ஏ. என்பது அதன் பெயர். அந்தச் சீட்டில் இருப்பது ஏறக்குறைய 10,700 எழுத்து. நம்ம செல்லில் இருக்கிற புத்தகத்தில் 300 கோடி எழுத்து. டெங்கு வைரஸின் சீட்டைப் படித்தால் மொத்தமே 10 புரதம்தான் செய்ய முடியும். நம்மிடம் சுமார் 20,000 புரதங்களுக்கான குறிப்பு இருக்கு. 20,000-க்கு எதிராப் பத்து! ஆனாலும் அந்தப் பத்து நம்மைப் படுக்கையில தள்ளிடுது. எப்படின்னு பார்ப்போம்.

ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கும்போது வைரஸ் தோலுக்குள்ள இறங்குது. தோலுக்கு அடியில் காவல் செல்கள் ரோந்து சுத்திக்கிட்டே இருக்கும். வேற கிருமி வந்தா முதல்ல பிடிக்கிறது அதுங்கதான். டெங்கு என்ன பண்ணுதுன்னா, அந்தக் காவல் செல்லுக்குள்ளேயே குடியேறிடுது. போலீஸ் ஸ்டேஷன்லயே திருடன் குடித்தனம் நடத்துற மாதிரி. உள்ளே போனதும் தன் சீட்டை அடுப்படியில் நீட்டுது. செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதைச் சமைச்சுக் கொடுக்கும். சமைச்சு வர்றது புது வைரஸ்.

முத்திரை இல்லாத சீட்டு

செல் அவ்வளவு ஏமாளியும் இல்லை. நம்ம குழுவில் தீர்மானம் எழுதினா என்ன செய்றோம்? ஊக்குநர், பிரதிநிதி கையெழுத்து, குழு முத்திரை. முத்திரை இல்லாத தாளை வங்கி மேலாளர் தொட மாட்டார். அதே மாதிரி நம்ம செல் எழுதுற ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ஒரு அடையாளம் வைக்கும். விஞ்ஞானிகள் அதைத் தொப்பி என்கிறார்கள். நாம முத்திரைன்னே வச்சுக்குவோம்.

செல்லுக்குள்ள ரிக்-1 என்று ஒரு காவல் புரதம் இருக்கு. அதுக்கு ஒரே வேலை, சீட்டுகளோட நுனியைத் தடவித் தடவிப் பார்ப்பது. முத்திரை இல்லாத நுனி கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். இன்னொரு அடையாளமும் அதுக்குத் தெரியும். வைரஸ் தன் சீட்டை நகல் எடுக்கும்போது, கார்பன் வச்சு எழுதுன மாதிரி இரண்டு இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிற்கும். நம்ம செல்லோட சீட்டு சாதாரணமா ஒற்றை இழைதான். நீளமான இரட்டை இழையைப் பார்த்தா "இது நம்ம வீட்டு எழுத்து இல்லை"ன்னு தெரிஞ்சுடும்.

இதுல கவனிக்க வேண்டியது, இந்தக் காவல் நாம பிறக்கும்போதே இருக்கு. டெங்குவை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்னு அவசியமில்லை. தடுப்பூசி சொல்லிக் கொடுக்கிற பாதுகாப்பு வேற. ஒரு கிருமியைத் தனியா அடையாளம் வச்சுப் பிடிக்கிற எதிர்ப்புப் பொருள் முதல் தடவை தயாராக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஊரைத் தாங்குறது இந்தப் பிறவிக் காவல்தான்.

சரி, வைரஸ் சும்மா இருக்குமா? தன் பத்துப் புரதத்தில் ஒன்றான என்.எஸ்.5 என்பதை வைத்து, நம்ம முத்திரை மாதிரியே கள்ள முத்திரை குத்திக்கொள்கிறது. அது போதாதென்று, நகல் எடுக்கிற வேலையைத் திறந்த இடத்தில் செய்வதில்லை. செல்லுக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வைச் சுருட்டிச் சின்னச் சின்னப் பைகளாக்கி, அந்தப் பைக்குள்ள ஒளிந்து நகல் எடுக்கும். வெளியே இருந்து தடவிப் பார்க்கிற ரிக்-1 கைக்கு எட்டாது.

ஆனா எவ்வளவு ஒளிச்சாலும் ஏதாவது ஒரு சீட்டு வெளியில் விழுந்துடும். அது கையில் சிக்கினவுடன் செல் அபாயக் குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்குப் பெயர்தான் இன்டர்ஃபெரான்.

கோழி முட்டையில் கண்டுபிடித்தது

இதைக் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லியே ஆகணும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஜீன் லிண்டன்மன் என்ற சுவிஸ் நாட்டுக்காரரும் ஆராய்ச்சி பண்ணினாங்க. அடைகாத்த கோழி முட்டைக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வை எடுத்தாங்க. சூடுபடுத்திச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை அதோடு சேர்த்து ஊற வச்சாங்க. அப்புறம் அந்தத் தண்ணியை மட்டும் எடுத்துப் புதுசா வேற சவ்வு மேல ஊற்றினாங்க. பிறகு உயிருள்ள வைரஸை அதில் விட்டுப் பார்த்தா, வைரஸ் சரியா வளரவே இல்லை! முதல் சவ்வின் செல்கள் ஏதோ ஒரு பொருளைத் தண்ணியில் கலந்து விட்டிருக்கு, அது புதுச் செல்களைக் காப்பாத்துதுன்னு புரிஞ்சது. வைரஸுக்குக் குறுக்கே நிற்பதால் இன்டர்ஃபெரான்னு பேர் வச்சாங்க. 1954-லேயே ஜப்பானில் நாகானோ, கோஜிமா என்ற இரண்டு பேர் முயலை வைத்து இதே மாதிரி ஒரு பொருளைக் கவனித்து எழுதியிருந்தார்கள். பேர் லண்டன்காரங்களுக்குப் போயிடுச்சு. எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே!

இன்டர்ஃபெரான் வைரஸை நேராகக் கொல்வதில்லை. அது பக்கத்து வீட்டுக்குப் போற சேதி. "எங்க வீட்டுல பூந்துடுச்சு, நீங்க உஷாரா இருங்க" என்பது மட்டும்தான் அதுல இருக்கு. சேதி வாசலில் பட்டதும் பக்கத்துச் செல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். சில புரதங்கள் வாசலை இறுக்கும், வைரஸ் நுழையக் கஷ்டப்படும். சில புரதங்கள் கத்தரிக்கோல் மாதிரி, உள்ளே வந்த சீட்டைத் துண்டு துண்டா நறுக்கும். ஒரு புரதம் இரட்டை இழையைப் பார்த்தவுடன் அடுப்பையே அணைச்சுடும். சமையல் நின்னா வைரஸும் தயாராகாது. அடுப்பு அணைஞ்சா அந்த வீட்டுக்கும் பட்டினிதான், ஆனா ஊர் பிழைக்கும். எதுவுமே முடியலைன்னா, வைரஸ் புகுந்த செல் தன்னையே அழிச்சுக்கும். பக்கத்து வீட்டுக்குத் தீ பரவக் கூடாதுன்னு தன் கூரையைப் பிரிச்சுப் போடுற மாதிரி.

சேதிக்காரனைப் பிடித்தல்

இங்கேதான் டெங்குவின் பெரிய தந்திரம் வருது. வாசலில் வந்த இன்டர்ஃபெரான் சேதியை நடு அறைக்குக் கொண்டு போறது ஸ்டாட்-2 என்ற ஒரு புரதம். நம்ம ஊராட்சியில தண்டோரா போடுறவர் மாதிரி. டெங்குவின் என்.எஸ்.5, அதாவது கள்ள முத்திரை குத்துதுன்னு சொன்னேனே அதே ஆள், இந்த ஸ்டாட்-2-வைப் பிடிச்சுக்கும். பிடிச்சு, செல் தன் பழைய புரதங்களை அரைச்சுக் கழிக்கிற இயந்திரம் ஒன்று வச்சிருக்கு, அதுக்குள்ள தள்ளிவிடும். நம்ம குப்பை இயந்திரத்தை வச்சே நம்ம ஆளை அரைக்குது. அதுக்கப்புறம் வாசலில் எவ்வளவு இன்டர்ஃபெரான் வந்து கத்தினாலும் உள்ளே கேட்காது. செல் செவிடாகிப் போகும்.

நகல் எடுக்கிறதும் அந்த என்.எஸ்.5-தான், முத்திரை குத்துறதும் அதுதான், தண்டோராக்காரரைப் பிடிக்கிறதும் அதுதான். பத்தே ஆளை வச்சு எப்படிச் சமாளிக்குதுன்னு கேட்டோமே, இப்படித்தான். இதைப் படிச்சப்போ எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது.

எலிக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. எலியோட ஸ்டாட்-2 கொஞ்சம் வேற வடிவம். என்.எஸ்.5-க்குப் பிடி கிடைக்கிறதில்லை. சாதாரண எலியின் உடம்பில் டெங்கு நல்லா வளராததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால டெங்கு மருந்து ஆராய்ச்சி பண்றவங்க, இன்டர்ஃபெரான் சேதியே கேட்காதபடி மாற்றப்பட்ட எலிகளை வளர்த்துத்தான் சோதிக்கிறாங்க. பிறவிக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்ம செல்லும் தோத்துட்டே இருக்கிறதில்லை. சேதி முந்தி வந்த வீட்டில் வைரஸ் பிறகு நுழைஞ்சா வீடு ஜெயிக்கும். வைரஸ் முந்தி நுழைஞ்ச வீட்டுக்குப் பிறகு சேதி வந்தா வைரஸ் ஜெயிக்கும். உடம்பு முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இந்த ஓட்டப்பந்தயம் நடக்குது. கடைசியில் எதிர்ப்புப் பொருளும் மற்ற படைகளும் தயாராகி வந்து சேரும்போது வைரஸ் அடங்கும்.

2006-ல் நம்மை எல்லாம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வச்ச சிக்குன்குனியா வைரஸோட வழி வேற. அது தண்டோராக்காரரைத் தேடறதோட நிறுத்தாது, செல்லோட கணக்கு அறையையே பூட்டி எந்தப் புதுச் சீட்டும் வெளியே வராம பண்ணிடும். அபாயக் குரலுக்கான சீட்டும் அதுல மாட்டிக்கும். ஒவ்வொரு வைரஸும் தனக்கு ஒரு வழி வச்சிருக்கு.

அப்போ காய்ச்சல் யாருடையது?

இவ்வளவு நேரம் சொன்னதுல வைரஸ் எங்கேயாவது சூடு உண்டாக்கினதா சொன்னேனா? இல்லை. உடம்பு கொதிக்கிறது, எலும்பு முறியிற மாதிரி வலி, தலைவலி, சாப்பாடு வேண்டாம் என்பது, இதில் பெரும்பகுதி நம்ம உடம்பே நடத்துற போரோட அறிகுறி. இதுக்கு ஒரு நல்ல நிரூபணம் இருக்கு. மஞ்சள் காமாலையில் சி வகைக் கிருமிக்குப் பல வருஷம் இன்டர்ஃபெரானையே ஊசியாப் போட்டுக்கிட்டிருந்தாங்க. இப்போ நல்ல மாத்திரை வந்ததால் அது கிட்டத்தட்ட நின்னு போச்சு. அந்த ஊசி போட்டவங்களுக்கு அன்னைக்கு ராத்திரியே காய்ச்சலும் உடம்பு வலியும் குளிரும் வரும். ஊசியில் கிருமி எதுவும் கிடையாது. வெறும் அபாயக் குரல் மட்டுமே அதைச் செய்தது.

அதனால காய்ச்சலை ஒரே நாள்ல "விழ வைக்கணும்"னு ஊசி தேடி ஓடாதீங்க. சில இடங்களில் போடுற கலவை ஊசியில் ஸ்டீராய்டு இருக்கும். அது நம்ம காவலை அமுக்கி விடுற மருந்து. கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கடுமையான நோயாளிகளுக்கு அது உயிர் காத்தது என்று 2020-ல் தெரிந்தது. ஆனா மூச்சுத் திணறல் இல்லாத சாதாரண நோயாளிகளுக்கு அதனால பலன் இல்லைன்னும் அதே ஆராய்ச்சியில தெரிஞ்சது. ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவுக்கு உள்ளது. மேலே சொன்ன எந்த இடத்திலும் அது வைரஸைத் தொடாது. டெங்குவாக இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மருந்தும் ஊசியும் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவு மட்டும். வேகமாக் குறையட்டும்னு ரெண்டு ரெண்டாப் போட்டா ஈரல் கெடும்.

காய்ச்சல் விட்ட நாள்

இப்போ சொல்லப்போறதைத் தயவுசெய்து மத்த உறுப்பினர்களுக்கும் போய்ச் சொல்லுங்க. நான் இங்க நிக்கிறதே இதைச் சொல்லத்தான்.

2012-ல் நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்சுக்கிட்டு களப்பணிக்கு ஒரு ஊருக்குப் போயிட்டிருந்தேன். பீடி சுத்துற ஒரு அக்கா வீட்டுல ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நாலு நாள் நல்ல காய்ச்சல். அஞ்சாம் நாள் காலையில உடம்பு குளிர்ந்துடுச்சு. வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. பிள்ளை வயிறு வலிக்குதுன்னு சொல்லி ரெண்டு மூணு தடவை வாந்தி எடுத்தா. அப்புறம் தூங்கிட்டா. "அசதி, தூங்கட்டும்"னு விட்டுட்டாங்க. அந்த அக்கா நாலு நாளா விட்டுப்போன பீடியைக் கொடுத்தாகணும்னு தட்டை எடுத்துட்டு உட்கார்ந்தாங்க. சாயங்காலம் தொட்டுப் பார்க்கும்போது கை கால் ஐஸ் மாதிரி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள நேரம் ஆகிடுச்சு. பிள்ளை பிழைக்கலை.

அந்த அக்கா பேரில் எந்தத் தப்பும் இல்லை. காய்ச்சல் விட்டா நோய் விட்டதுன்னுதான் நம்ம எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. டெங்குவில் அது அப்படி இல்லை. மூணாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம்.

ஏன்? காய்ச்சல் இறங்கும்போது ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் குறைஞ்சு போயிருக்கும். ஆனா போரில் நம்ம படைகள் கொட்டின பொருட்கள் ரத்தத்தில் நிறைஞ்சிருக்கும். கூடவே வைரஸோட என்.எஸ்.1 என்ற இன்னொரு புரதம், செல்லை விட்டு வெளியேறி ரத்தத்தில் சுத்திக்கிட்டிருந்ததும் சேர்ந்து, ரத்தக் குழாயின் உள்சுவரைத் தளர்த்தி விடும். பழைய மண்பானை கசியிற மாதிரி குழாயில் இருந்து தண்ணீர் வெளியே கசியும். நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள்ள ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும், கை கால் குளிரும். பிள்ளை தூங்கலை சகோதரிகளே, மயங்குது.

அதனாலதான் டாக்டர் "தண்ணி, தண்ணி"ன்னு சொல்றாங்க. அதைச் சும்மா சொல்றதா நினைக்காதீங்க. கசியிற பானைக்கு ஊத்திக்கிட்டே இருக்கிறதுதான் வைத்தியம். கசிவு பொதுவா ஒண்ணு ரெண்டு நாள்தான், அந்த நேரத்தைத் தாண்டிட்டா குழாய் தானாக் கெட்டியாகிடும். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல், எது இறங்குதோ அது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போகுதான்னு கவனிங்க. அதைப் பார்க்க மெஷின் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

காய்ச்சல் இறங்கினாலும் இறங்காட்டாலும், வயிறு கடுமையா வலிச்சா, வாந்தி நிற்காம போனா, ஈறு, மூக்கு, மலம் எதிலயாவது ரத்தம் வந்தா, மாதவிலக்கு வழக்கத்தைவிட மிஞ்சிப் போனா, நிலைகொள்ளாமல் புரண்டாலோ எழுப்ப முடியாத மாதிரி சோர்ந்தாலோ, மூச்சு வாங்கினா, கை கால் குளிர்ந்தா, சிறுநீர் நின்னுட்டா, உடனே 108-ஐக் கூப்பிடுங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். விடியட்டும்னும் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோய் உள்ளவங்க இந்த அறிகுறி வரும்வரை பொறுக்கவே கூடாது, காய்ச்சல் வந்ததுமே காட்டிடணும்.

(இந்த இடத்தில் உறுப்பினர்கள் கேள்விகள் கேட்டார்கள்.)

"ஒரு தடவை டெங்கு வந்தவங்களுக்கு மறுபடி வராதுன்னு சொல்றாங்களே?"

டெங்குவில் நாலு வகை இருக்கு. வந்த வகை பொதுவா மறுபடி வராது. வேற வகை வரலாம். அப்படி ரெண்டாவதா வரும்போது கடுமையாக வாய்ப்பு அதிகம். பழைய எதிர்ப்புப் பொருள் புது வகையை முழுசாப் பிடிக்க முடியாம, பாதிப் பிடியோட அதைக் காவல் செல்லுக்குள்ளேயே கொண்டு போய் விட்டுடுது. அதனால "எங்களுக்கு 2012-லேயே வந்துட்டுப் போயிடுச்சு"ன்னு சொல்றவங்கதான் கூடுதலாக் கவனமா இருக்கணும்.

"அந்த இன்டர்ஃபெரான் ஊசியை டெங்குவுக்குப் போட்டா என்ன?"

நல்ல யோசனைதான். ஆனா காய்ச்சல் தெரியும்போதே உடம்பில் அது போதுமான அளவு ஊறிக்கிட்டிருக்கும். வைரஸ் புகுந்த செல்கள் செவிடாகி இருக்கும். மேலும் கத்தினா கேட்காது, மத்த செல்களுக்குத் தொல்லைதான் அதிகம். அதனால டெங்குவுக்கு அப்படி ஒரு வைத்தியம் இன்றைக்கு இல்லை. ஆனா உடம்புல இன்டர்ஃபெரான் வேலை செய்யாம போனா என்ன ஆகும்னு கொரோனா காட்டுச்சு. 2020-ல் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 நோயாளிகளைச் சோதிச்சாங்க. அதில் 101 பேருக்கு அவங்க உடம்பே தன் சொந்த இன்டர்ஃபெரானைத் தடுக்கிற எதிர்ப்புப் பொருளைத் தயாரிச்சு வச்சிருந்தது. அந்த 101-ல் 95 பேர் ஆண்கள். (சிரிப்பு) சிரிக்காதீங்க, அது அவங்க பண்ணுன தப்பு இல்லை.

"நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?"

நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே கொடுத்திருக்கு. குடிக்கிறவங்களைத் தடுக்க மாட்டேன். ஆனா கஷாயம் குடிச்சாச்சு, இனி ஆஸ்பத்திரி வேண்டாம்னு இருந்துடாதீங்க. வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கசப்பை ஊத்தி, உள்ளே போன கொஞ்சத் தண்ணியையும் வெளியே வர வச்சுடாதீங்க. தட்டணு எத்தனைன்னு எல்லாரும் கேட்கிறோம். அது மட்டும் கணக்கில்லை, ரத்தம் கெட்டியாகுதான்னும் டாக்டர் பார்ப்பாங்க. ரெண்டையும் அரசு மருத்துவமனையில காசில்லாமப் பார்க்கலாம். உள்கடன் போட வேண்டாம்.

"கொசுவுக்குக் காய்ச்சல் வராதா?"

(இதைக் கேட்டது கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி.) இதுதான் இன்னைக்குக் கேட்டதுல சிறந்த கேள்வி. கொசுவுக்கும் செல் உண்டு, பிறவிக் காவலும் உண்டு. நம்ம மாதிரி இன்டர்ஃபெரான் அதுக்குக் கிடையாது. இரட்டை இழைச் சீட்டைப் பார்த்தா துண்டு துண்டா நறுக்கி, அந்தத் துண்டை அடையாளமா வச்சுக்கிட்டு அதே மாதிரி இருக்கிற மத்த சீட்டையும் தேடி நறுக்கும். அதனால வைரஸ் கொசுவுக்குள்ள கட்டுக்குள்ளேயே இருக்கும், முழுசா அழியாது. கொசு சாகாது, வைரஸும் சாகாது. அந்தக் கொசு உயிரோட இருக்கும் வரைக்கும் அதைப் பரப்பிக்கிட்டே இருக்கும். அதனால காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களைப் பகல்லயும் கொசு வலைக்குள்ள படுக்க வைங்க. அவங்களைக் கடிச்ச கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகுது.

"தண்ணி அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் விடுறாங்க. டிரம்மில் பிடிச்சு வைக்காம எப்படி?"

பிடிச்சுத்தான் வைக்கணும், வேற வழி இல்லை. மூடி வைங்க, மூடி சரியா உட்காரலைன்னா பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்க. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் ஆகும், அதனால வாரம் ஒரு தடவை தொட்டியையும் டிரம்மையும் காலி பண்ணணும். காலி பண்ணினா மட்டும் போதாது. முட்டை தண்ணி நிற்கிற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒட்டிக்கிட்டிருக்கும், காய்ஞ்சு போனாலும் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும். தென்னை நார் வச்சு உள்சுவரை நல்லாத் தேய்ச்சுக் கழுவி ஊத்துங்க. கொல்லையில் கிடக்கிற பழைய ஆட்டுரல் குழி, சிரட்டை, டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, இதையும் பாருங்க. தண்ணி அடிக்கடி விடணும்னு ஊராட்சிக்கு மனு கொடுக்கிறது தனி வேலை. அதுக்கு எந்தெந்தக் குழு கையெழுத்துப் போடுறீங்கன்னு சாப்பாட்டுக்குப் பிறகு, தணிக்கை பேசறதுக்கு முன்னாடி எழுதிக்கலாம்.